வாசகர் கேள்விகள்: கொடிக்காலும் நாவலும்

மதுரைக்குப் பக்கத்தில் சோழவந்தான் பகுதிக் கொடிக்கால் (வெற்றிலைத் தோட்டம்) மக்களைப் பற்றி நாவல்கள் எழுதிவரும் எழுத்தாளர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

தினமும் எழுதுவீர்களா? எந்த நேரத்தில்?
வாசகி, திருமங்கலம்

மதியம்தான். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் உட்கார்ந்தால், பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை எழுதுவேன். விடிகாலையில் எழுதச் சொல்லிப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் காலைதான் பேச்சு நேரம். வெற்றிலை கிள்ளப் போகிறவர்கள், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். அப்போது கதவைச் சாத்திக்கொள்ள மனசு வராது. எழுத்து நகராத நாட்களில் முந்தின அத்தியாயத்தைச் சத்தமாக வாசிப்பேன். நாக்கு தடுக்குகிற இடத்தில் அநேகமாக ஏதோ ஒரு பொய் இருக்கும்.

கொடி கட்டும் வேலையை இத்தனை பக்கம் எழுத வேண்டுமா? கதை நின்றுவிடுகிறதே.
வாசகர், மதுரை

நியாயமான கேள்வி. ஆனாலும் அந்தப் பக்கங்களை எடுக்க மாட்டேன். வெற்றிலைக்குச் சுள்ளென்ற வெயில் ஆகாது. முதலில் அகத்தியை வளர்த்து, அதன் நிழலில்தான் கொடியை நடுவார்கள். கொடி ஏற ஏற அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வர வேண்டும். இறுக்கினால் தண்டு நசுங்கும். தளர விட்டால் காற்றில் சரியும். கைக்கு எட்டாத உயரம் போனதும் கொடியை இறக்கி, கீழ்ப்பகுதியைச் சுருட்டி மண்ணில் புதைத்து, மறுபடி ஏற்றுவார்கள். ஈரம் காயக் கூடாது, தண்ணீர் தேங்கினாலும் வேர் அழுகிப்போகும். அதனால் கொடிக்கால் வைத்திருக்கிறவர் ஒருநாள்கூட அதை மறந்து இருக்க முடியாது.

கொடி கட்டும் அத்தியாயத்தில் அண்ணியும் நாத்தனாரும் பாகப்பிரிவினைத் தகராறில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் ஒரே அகத்தி வரிசையில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருத்தி கையை நீட்டுகிறாள். மற்றவள் நிமிர்ந்து பார்க்காமல் வாழைநாரை அந்தக் கையில் வைக்கிறாள். முடிச்சு விழுகிறது. அடுத்த கொடி, மறுபடியும் கை நீள்கிறது. வேலையை எடுத்துவிட்டால் அந்தச் சண்டையை நான் எங்கே வைப்பது? அதை வசனமாக எழுதினால் எந்த வீட்டிலும் நடக்கிற சண்டையாகத்தான் இருக்கும். 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான். இலைக்குப் பெயர் வந்துவிட்டது. அதைக் கட்டி வளர்த்தவர்கள் யாரோடு பேசாமல் நின்று கட்டினார்கள் என்பதையும் யாராவது எழுதிவைக்க வேண்டாமா?

உங்களைப் பாதித்த எழுத்தாளர் யார்?
வாசகர், சிங்கம்புணரி

உங்கள் ஊர்க்காரர்தான், ப. சிங்காரம். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்து, இளவயதிலேயே கடல் கடந்து இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கப் போனவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திரும்பி வந்து மதுரை தினத்தந்தியில் வேலை பார்த்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாளாகப் பல வருடங்கள் இருந்தார். எழுதியது இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ 1959-இல் வந்தது, ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல். இரண்டாவதில் எங்கோ தென்கிழக்காசியாவில் போர் நடந்துகொண்டிருக்கும். நடுவில் நாயகன் பாண்டியனின் மனசு மதுரைத் தெருக்களுக்குத் தாவிவிடும். ஊரை விட்டு வந்தவன் ஊரை எப்படி நினைப்பான் என்பதை அந்தப் பக்கங்களில்தான் படித்துக்கொண்டேன். அவன் ஊரின் பெருமையை நினைப்பதில்லை. கடைகளையும் ஆட்களையும் நினைக்கிறான்.

அப்புறம் ஜி. நாகராஜன். 1974-இல் வந்த ‘நாளை மற்றுமொரு நாளே’ கந்தனின் ஒரே ஒரு நாள்தான். அவன் நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்புச் சொல்ல நாகராஜன் முந்திக்கொண்டு வருவதே இல்லை. என் பாத்திரங்கள் மேல் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அந்தப் புத்தகத்தை எடுத்து நாலு பக்கம் படிப்பேன்.

‘என்னைத்தான் எழுதியிருக்கிறாய்’ என்று யாராவது சண்டைக்கு வந்திருக்கிறார்களா?
வாசகி, வாடிப்பட்டி

வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு ஆளை மூன்று பேரிடமிருந்து எடுத்திருப்பேன் என்பதால் பேசிச் சமாளித்துவிடலாம். ஆனால் நம்பிச் சொன்ன துக்கம் வேறு. பெரியம்மா முறை ஆகிற ஒருவர், மகள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி நடந்த ஒரு விஷயத்தை என்னிடம் சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டேன். “நான் இருக்கிறவரைக்கும் வேண்டாம் தாயி” என்றார். எழுதவில்லை. அது இல்லாமல் ஒரு நாவல் குறைபட்டுத்தான் நிற்கிறது, நிற்கட்டும்.

கையால் எழுதுவீர்களா, கணினியிலா?
வாசகர், மேலூர்

முதல் தடவை கோடு போட்ட நீள நோட்டில், கையால். திருத்துவது கணினியில்.

கல்லூரியில் படிக்கிறேன். அப்பா மாட்டுத்தாவணிக்குப் பூ கொண்டுபோகிறவர். நாவல் எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
வாசகர், உசிலம்பட்டி

தம்பி, அப்பாவோடு ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போங்கள். மூட்டையை யார் இறக்குகிறார்கள், தராசு பக்கம் யார் நிற்கிறார்கள், விலை சொன்னதும் அப்பாவின் முகம் எங்கே திரும்புகிறது, எல்லாவற்றையும் பாருங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பக்கம் எழுதுங்கள். ‘சோகம்’, ‘வறுமை’ என்ற வார்த்தைகள் வேண்டாம். எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். “சாக்கை இப்படிக் கட்ட மாட்டோமே” என்று அவர் சொல்கிற இடத்தைத் திருத்துங்கள். திருத்திய பக்கங்களை இதழ் முகவரிக்கு அனுப்பினால் எனக்கு வந்து சேரும், கட்டாயம் படிக்கிறேன்.