ஓதத் தெரிந்தவன் அரபுக் கவிதை படித்த கதை

கேள்வி: அரபு தெரியாத நாம் பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் போன்றவர்களை மொழிபெயர்ப்பில் படித்தால், நாடிழந்தவர்களின் துயரம் உண்மையிலேயே புரியுமா?

பாதி புரியும். அந்தப் பாதிக்காகவே படிக்கலாம் என்பது என் கட்சி. மீதிப் பாதி எங்கே போகிறது என்று சொல்ல என் சொந்தக் கதையைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு நாகூர்ப் பக்கம். சின்ன வயதிலேயே மதரஸாவில் அலிஃப், பே தொடங்கி, குர்ஆனை ஒருமுறை ஓதி முடித்தவன். எழுத்துக் கூட்டத் தெரியும், பொருள் தெரியாது. எங்கள் ஊரில் இது யாருக்கும் குறையாகப் படாது. பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஷார்ஜாவில், ஒரு கட்டுமானச் சாமான் கம்பெனியில் கிடங்குக் கணக்கு பார்த்தேன். கடைத்தெரு அரபு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, விலை கேட்கவும் 'கலாஸ்' சொல்லவும் போதுமான அளவுக்கு.

அங்கே தலைமைக் கணக்கர் ஒரு பலஸ்தீனியர், என்னைவிட இருபது வயது மூத்தவர். உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவேன். எந்த ஊர் என்று முதல் நாள் கேட்டபோது "அக்கா" என்றார். தமிழ்க் காதுக்கு அது ஊராகவே விழவில்லை. ஹைஃபாவுக்கு வடக்கே உள்ள பழைய துறைமுகம் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் பிறந்தது லெபனானில், அகதி முகாமில். 1948-இல் இஸ்ரேல் உருவான போரின்போது பெற்றோர் விட்டுவந்த ஊரைத் தன் ஊர் என்கிறார், ஒருநாள்கூடக் கண்ணால் கண்டதில்லை. கையில் பாஸ்போர்ட் கிடையாது. லெபனான் அரசு கொடுக்கிற பயண ஆவணம் மட்டும்தான்.

அவர் மேசையில் தர்வீஷ் தொகுப்பு ஒன்று கிடக்கும். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து விரித்தேன். எழுத்துக்கு மேலே ஸபர் இல்லை, கீழே ஸேர் இல்லை, பேஷும் இல்லை, அதாவது உயிரொலியைக் காட்டும் குறிகள் எதுவுமே இல்லை. நவீன அரபு நூல்களை இப்படித்தான் மொட்டையாக அச்சடிப்பார்கள். குர்ஆனில் ஓதிப் பழகிய எனக்குக் கைத்தடியைப் பிடுங்கிய மாதிரி ஆகிவிட்டது. ஸீன், ஜீம், லாம் என்று மூன்றெழுத்து. அனிச்சையாக "ஸிஜ்ஜீல்" என்றேன். யானைப் படைமேல் பறவைகள் சுட்ட கற்களை எறிந்ததைச் சொல்லும் குர்ஆன் சூராவில் (அத்தியாயத்தில்) வருகிற சொல், மதரஸாப் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடம். உஸ்தாத் விழுந்து விழுந்து சிரித்தார். "கல் இல்லை. ஸஜ்ஜில். பதிவு செய் என்று அதிகாரியைப் பார்த்துச் சொல்கிறான். ஆனால் பொறு, கல்லும் வரும்."

வந்தது. அந்தக் கவிதையில் பேசுகிறவன் கல்லுடைக்கும் குவாரித் தொழிலாளி. எட்டுப் பிள்ளைகள், ஒன்பதாவது கோடை கழிந்து வரப்போகிறது, அடையாள அட்டை எண் ஐம்பதாயிரம். 1964-இல் வந்த தொகுப்பில் உள்ள 'அடையாள அட்டை' அது.

அந்த முதல் வரியைத் தமிழாக்குவது எளிது என்று நினைப்பீர்கள். 'எழுதிக்கொள்' என்றால் ஏதோ சலுகை கொடுப்பது போல இருக்கிறது. 'பதிவு செய்' என்றால் அறிவிப்புப் பலகை. ஸஜ்ஜில் என்பதில் நடுவில் ஜீம் இரட்டித்து ஒரு குத்து விழுகிறது. அதோடு, பதிவேட்டுக்கு அரபியில் 'ஸிஜில்'. அதிகாரியின் ஏட்டிலிருந்தே சொல்லை உருவி அவன் முகத்தில் எறிகிறான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. "பதிவு செய், நான் அரபி" என்பதை இஸ்ரேல் அரசு ஊழியர் ஒருவரிடம் தாம் முதலில் ஹீப்ருவில்தான் சொன்னதாக தர்வீஷே சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் அந்த வரி அரபியிலேயே ஒரு மொழிபெயர்ப்பு. மூலம் மூலம் என்று நாம் ஏங்குகிற இடத்தில் இதை நினைத்துக்கொள்வேன்.

தர்வீஷுக்குச் சொந்த மண்ணிலேயே ஊர் போயிற்று. 1941-இல் அல்பிர்வா கிராமத்தில் பிறந்தார். 1948-இல் குடும்பம் லெபனானுக்கு ஓடியது. அடுத்த ஆண்டு திருட்டுத்தனமாக எல்லை தாண்டித் திரும்பியபோது கிராமம் இடிந்து கிடந்தது. கணக்கெடுப்பில் பெயர் இல்லாததால் இஸ்ரேல் சட்டப்படி அவர்கள் 'இருந்தும் இல்லாதவர்கள்'. 2006-இல் அவர் எழுதிய உரைநடை நூலின் தலைப்பு 'இன்மையின் முன்னிலையில்'. தமிழில் அது தத்துவத் தலைப்பு போல ஒலிக்கும். அதற்குள் ஒரு தாசில்தார் ஆபீஸ் கோப்பு இருப்பது நமக்குக் கேட்காது. போகிற பாதி என்று நான் சொன்னது இதைத்தான்.

ஈராக்கின் கவிஞர் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாப் எனக்கு இன்னும் நெருக்கம், சொல்லப்போனால் சங்கடமான நெருக்கம். அரசியல் காரணமாக நாட்டைவிட்டு ஓடி, 1953-இல் குவைத்தில் இருந்துகொண்டு 'வளைகுடாக் கரையில் ஓர் அந்நியன்' எழுதினார். தேநீர்க்கடையைக் கடக்கும்போது இசைத்தட்டு சுழல்கிறது. ஈராக்கே, அந்தச் சுழற்சியாக உன்னைக் கேட்டேன் என்கிறார். என் நாட்டில் இருட்டுகூட அழகு, அது ஈராக்கை அணைத்துக்கொள்கிறதே என்கிறார். பிறகு சில்லறையை எண்ணுகிறார். கப்பல்கள் பயணிகளிடம் கூலி கேட்காமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அறையில் ஆறு பேரோடு படுத்துக்கொண்டு திர்ஹம் எண்ணியவனுக்கு இந்த வரிக்கு உரை வேண்டாம். எங்கள் ஊரில் வெளிநாடு போனவரை 'சபுராளி' என்போம். அரபியின் 'ஸஃபர்', பயணம், அப்படியே நம் வாயில் வந்து குந்திக்கொண்ட சொல். அந்தக் கவிதையில் அதே வேர்ச்சொல் நிற்கிறது.

ஆனால் இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். "நானும் கரீப்தான், உஸ்தாத்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். 'கரீப்' என்றால் உருதுவில் ஏழை, அரபியில் அந்நியன். அவர் கோபப்படவில்லை. "உனக்கு ரிட்டர்ன் டிக்கெட் கம்பெனி கொடுக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்தது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஊர் ஏக்கம் வேறு, ஊர் இல்லாமை வேறு. மொழிபெயர்ப்பில் படிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதுதான் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். நம் ஏக்கத்தை அவர்கள் கவிதைக்குள் ஊற்றிவிட்டு, புரிந்துவிட்டது என்று எழுந்துவிடுவோம்.

ஓசை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழில் இவை வசன கவிதை போல வருவதால், மூலமும் அப்படித்தான் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. 1947-ஐ ஒட்டி ஸய்யாபும், ஈராக்கின் இன்னொரு கவிஞரான நாஸிக் அல்மலாயிகாவும் உடைத்தது அடிக்கு இத்தனை சீர் என்ற கட்டை மட்டும். சீர் போகவில்லை. குவைத் கவிதை முழுக்க 'முதஃபாஇலுன்' என்ற ஒரே சீர் அலைபோல அடித்துக்கொண்டே இருக்கும், சில வரியில் இரண்டு, சில வரியில் நான்கு.

இன்னொரு சொல். கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் எங்கள் ஊரில் 'பைத்' பாடுவார்கள். பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அரபியில் 'பைத்' என்றால் வீடு. மரபுக் கவிதையில் ஒரு முழு வரிக்கும் அதே பெயர். அந்த வரியின் பாதிக்குக் கதவின் ஒரு பலகை என்று பொருள்படும் பெயர். வீடு போனவன் கவிதையில் வீடு கட்டினான் என்று தமிழில் சொன்னால் உவமை. அரபியில் அது அகராதி.

எங்கிருந்து தொடங்கலாம் என்றால், எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' கிடைக்கிறதா பாருங்கள். 1981-இல் இலங்கையில் முதலில் வந்தது, ஆங்கிலம் வழியாகச் செய்தது. இரண்டு கை மாறி வந்தும் சூடு ஆறவில்லை. ஆங்கிலம் வாசிப்பீர்கள் என்றால், 1982 பெய்ரூத் முற்றுகையை வைத்து தர்வீஷ் எழுதிய 'மறதிக்கான நினைவு' கட்டாயம். குண்டு விழும் காலையில் அடுப்படிக்குப் போய்க் காப்பி போட ஐந்து நிமிடம் வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்.

தர்வீஷ் தன் குரலில் வாசித்த பதிவுகளும் யூடியூபில் இருக்கின்றன. படிக்கும் முன் ஒருதடவை, பொருள் தெரியாமலே, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அந்த வித்தையில் எனக்கு ஏழு வயதிலிருந்தே பயிற்சி உண்டு.