பால் ஏன் தோயலை? மாட்டு டாக்டர் பதில்கள்

இந்த மாசம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு வெச்சு பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஊசியும் ஆன்டிபயாடிக்கும். குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கம் 31 வருஷம் மாட்டாஸ்பத்திரில வேலை பாத்தவன்ற முறையில இதுக்கு மட்டுமே ஒரு இதழ் ஒதுக்கலாம்னு ஆசிரியர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன்.

எங்க ஜெர்சி கிராஸ் மாட்டுக்கு மடி வீங்கி கல்லு மாதிரி ஆயிடுச்சி டாக்டர் ஐயா. ஊசி போடறவர் ஒருத்தரை கூட்டிகினு வந்து மூணு நாள் போட்டோம், வீக்கம் வத்திடுச்சி. நாலாம் நாள் பாலுல பொரை ஊத்தி வெச்சேன், காலையில தெறந்து பாத்தா பால் அப்படியே தண்ணியா கீது. மறுநாளும் அதே கதை. பக்கத்து ஊட்டு பாலுல அதே மோர் ஊத்தினா கெட்டியா தோயுது. மாட்டுக்கு இன்னா ஆச்சி?
*ஒடுகத்தூர் வாசகி*

மாட்டுக்கு ஒன்னும் ஆகலைம்மா. தயிர் தோயறதே உயிருள்ள பாக்டீரியா பண்ற வேலை, நீங்க ஊத்தின மோர்ல இருந்த கிருமி பாலைப் புளிக்க வெச்சாத்தான் தயிர். ஊசியில போன மருந்து ரத்தத்து வழியா மடிக்கு வந்து பாலோட இறங்குது, அது நோய்க்கிருமி எது, தயிர்க்கிருமி எதுன்னு பாக்காது, உங்க பொரைமோரையும் சேத்து கொன்னுடுச்சி. குளிருனாலயோ பொரை பத்தாததாலயோ தோயாமப் போறதும் உண்டு, ஆனா அதே மோர் பக்கத்து ஊட்டு பாலுல தோயுதுன்னு சொல்றீங்களே, அப்ப சந்தேகமே இல்ல.

இதுல எனக்கு மனசு பதைக்கிற இடம் ஒன்னு இருக்கு. தயிருக்கு ஊத்தினது போக மிச்சப் பால் எங்க போச்சி? சொசைட்டிக்குத்தானே? ஒரு மாட்டுப்பால் கேன்ல கலந்தா கேன் முழுக்க மருந்து. காய்ச்சினா போயிடும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. காய்ச்சினா கிருமிதான் சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியேதான் கிடக்கும். நம்ம நாட்டு மருந்து விதிகள்ல 2012லயே சொல்லிட்டாங்க, மாட்டுக்குப் போடற மருந்து லேபிள்ல எத்தனை நாள் பாலை விடணும்னு எழுதியிருக்கணும், எழுதலைன்னா பாலுக்கும் முட்டைக்கும் குறைஞ்சது 7 நாள், கறிக்கு 28 நாள். கடைசி ஊசி போட்ட நாளுக்கு அப்புறம் எண்ணணும், முதல் ஊசிலேர்ந்து இல்ல. அடுத்த தடவை பாட்டிலைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பேரைக் குறிச்சு வெச்சுக்கங்க. செஃப்ட்ரியாக்சோன்னு இருந்திச்சின்னா, அது ஆஸ்பத்திரில டைஃபாய்டு வந்த புள்ளைங்களுக்கு நரம்புல ஏத்தற அதே மருந்து. மடிநோய்க்கு எடுத்த எடுப்புல அதைப் போட்டுட்டா, நாளைக்கு அது கேக்காமப் போகும்போது நம்ம கையில என்ன மிச்சம் இருக்கும்?

மடிநோய் கல்லு மாதிரி ஆகற வரைக்கும் ஏன் விடணும். வாரம் ஒரு தடவை காம்புக்குக் காம்பு தனித்தனியா கொஞ்சம் பால் கறந்து, துணி சோப்பு பவுடர் கரைச்ச தண்ணிய சம அளவு ஊத்தி சுத்திப் பாருங்க, எந்தக் காம்பு பால் சளி மாதிரி குழகுழன்னு ஆவுதோ அங்க நோய் ஆரம்பிச்சிடுச்சி. அந்தக் கட்டத்துல தஞ்சாவூர்ல கால்நடைப் பல்கலைக்கழக மையம் பரப்பின கற்றாழை வைத்தியம் நல்லா கை கொடுக்குது, நானே நிறைய தொழுவத்துல பாத்திருக்கேன். சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேத்து அரைச்சா செங்காவி கலர்ல வரும். ஒரு கைப்பிடி எடுத்து தண்ணில கரைச்சு, மடியைக் கழுவி பாலை சுத்தமா பீய்ச்சிட்டு மடி முழுக்க தடவணும். ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை, அஞ்சு நாள். ரெண்டு தடவை தடவிட்டு கேக்கலைன்னு சொல்லக்கூடாது. காய்ச்சல் இருந்தாலோ, மாடு தீனி எடுக்கலைன்னாலோ, பால் ரத்தமா வந்தாலோ, காம்பு சில்லுன்னு ஆனாலோ கத்தாழையோட நிக்காம உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. அங்க ஆன்டிபயாடிக்தான் உசுரைக் காப்பாத்தும், அந்த நேரத்துக்குத்தான் அதைப் பத்திரமா வெச்சிருக்கணும்னு சொல்றேன்.

இன்னொன்னு, செலவே இல்லாதது. கறந்து முடிச்ச உடனே மாட்டைப் படுக்க விடாதீங்க. காம்புத் துவாரம் மூட அரை மணி நேரம் ஆகும். பசுந்தீவனம் ஒரு கட்டு முன்னாடி போட்டா நின்னுகினே தின்னும், சாணியில காம்பு படாது.

நான் 2,000 பிராய்லர் வளக்கறேன் சார். தீவனத்துல கலக்க பவுடர் ஒன்னு தராங்க, கோழி நல்லா எடை வருதுன்றாங்க. ஆன்டிபயாடிக்னு விசாரிச்சதுல தெரிஞ்சிது. எல்லாரும் போடறாங்க, நான் மட்டும் நிறுத்தினா எனக்குத்தானே நஷ்டம்?
*குடியாத்தம் வாசகர்*

தம்பி, விசாரிச்சீங்க பாருங்க, அதுக்கே உங்களைப் பாராட்டணும்.

தீவனத்துல கொஞ்சூண்டு ஆன்டிபயாடிக் கலந்தா கோழிக்குஞ்சு சீக்கிரம் எடை கூடுதுன்னு அமெரிக்காவுல 1940கள் கடைசியில கண்டுபிடிச்சாங்க. அது அப்படியே உலகம் பூரா பரவிடுச்சி. ஆனா பெனிசிலினைக் கண்டுபிடிச்ச ஃபிளெமிங் 1945ல நோபல் பரிசு வாங்கும்போதே சொல்லிட்டார், கொல்ற அளவுக்குக் கம்மியா மருந்து குடுத்தா கிருமி அதைத் தாங்கப் பழகிடும்னு. தீவனத்துல கலக்கற அளவு சரியா அந்த மாதிரிதான். சாகாத அளவுக்கு, பழகற அளவுக்கு.

அப்புறம் என்ன ஆச்சின்னா, கோலிஸ்டின்னு ஒரு மருந்து. எல்லா மருந்தும் கை விட்ட பிறகு ஐசியூல கடைசியா எடுக்கறது. அதையே பன்னிக்கும் கோழிக்கும் தீவனத்துல டன் கணக்குல போட்டாங்க. 2015 நவம்பர்ல சீனாவுலேர்ந்து ஒரு சேதி வந்திச்சி, கோலிஸ்டினைத் தாங்கற ஜீன் பிளாஸ்மிட்ல ஏறி உக்காந்திருக்குன்னு. பிளாஸ்மிட்னா பாக்டீரியாவுக்குள்ள இருக்கற சின்ன வளையம், ஒரு கிருமி இன்னொரு கிருமிக்கு கை மாத்தி விடற சீட்டு மாதிரி. கோழிக் குடல்ல இருக்கற சாதுவான ஈ.கோலை அந்த சீட்டை நோய் உண்டாக்கற கிருமிகிட்ட குடுத்துடும், ரெண்டும் ஒரே சாதியா இருக்கணும்னு கூட இல்ல. 2019 ஜூலைல நம்ம அரசாங்கம் கோழி, மாடு, மீன், தீவனம் எதுக்கும் கோலிஸ்டின் கூடாதுன்னு தடை போட்டுடுச்சி. உங்க பவுடர் டப்பாவுல அந்தப் பேர் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க.

நஷ்டம்னு கேட்டீங்க. ஸ்வீடன்ல 1986லயே எடை கூட்டற ஆன்டிபயாடிக்கை தடை பண்ணிட்டாங்க, ஐரோப்பா முழுக்க 2006 ஜனவரிலேர்ந்து கிடையாது, அங்க கோழிப்பண்ணை எல்லாம் மூடிடலை. ஆனா பவுடரை மட்டும் நிறுத்திட்டு மத்ததெல்லாம் பழையபடி வெச்சிகினீங்கன்னா கண்டிப்பா அடி விழும், அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

ஏன்னா உங்க குஞ்சுக்கு அம்மா இல்ல. எங்க வீட்டு நாட்டுக்கோழி அடை வெச்சு இறக்கின குஞ்சுங்களை நான் உக்காந்து பாத்திருக்கேன், பொறிச்சு ரெண்டாம் நாளே அம்மா பின்னாடியே போயி அது கிளறின மண்ணையும் அதோட எச்சத்தையும் கொத்தும். அதுதான் அதுக்கு முதல் மருந்து, அம்மா குடல்ல இருக்கற நல்ல கிருமி எல்லாம் குஞ்சுக்குள்ள குடியேறிடும். இன்குபேட்டர் குஞ்சுக்குக் குடல் காலி மனை, யார் முதல்ல வராங்களோ அவங்க பட்டா போட்டுக்குவாங்க. ஃபின்லாந்துல நூர்மின்னு ஒரு விஞ்ஞானியும் அவர் கூட வேலை செஞ்சவரும் 1973ல இதைத்தான் காட்டினாங்க, வளந்த கோழியோட குடல்ல இருந்ததை புதுக் குஞ்சுக்குக் குடுத்தா சால்மொனெல்லான்ற நோய்க்கிருமியால உள்ள ஒட்ட முடியலை. இன்னைக்குக் கோழிக்கு விக்கற ப்ரோபயாடிக், அதாவது நல்ல கிருமி இருக்கற மருந்து, அதே யோசனைதான்.

அதனால முதல் நாள் தண்ணிலேர்ந்தே நல்ல ப்ரோபயாடிக் குடுங்க, ஆனா அதே தண்ணில குளோரின் போடாதீங்க, குளோரின் அந்த நல்ல கிருமியைக் கொன்னுடும். புரூடர்ல, அதாவது குஞ்சுக்கு சூடு குடுக்கற இடத்துல, முதல் வாரம் சூடு குறையவே கூடாது. நம்ம ஊர் வெயில்ல அதுக்கப்புறம் வேற தொல்லை, மே மாசம் ஷெட்டுல நெருக்கி விட்டா கோழி வாயைப் பொளந்துகினு நிக்கும், குடல் அப்பவே கெட ஆரம்பிச்சிடும், எண்ணிக்கையைக் குறைச்சு விடுங்க. ஷெட்டுத் தரையில பரப்பின உமி, மரத்தூள் ஈரமானா அன்னைக்கே கிளறி சுண்ணாம்பு போடுங்க. முதல் பேட்ச் எடை கொஞ்சம் குறையலாம், மூணு பேட்ச் கணக்கு எழுதிப் பாத்துட்டு எனக்கு லெட்டர் போடுங்க.

மழை பேஞ்சி புல்லு முளைச்ச உடனே நல்லா இருந்த ஆடு துள்ளித் துள்ளி விழுந்து செத்துப் போவுது. மெடிக்கல்ல டெட்ரா பவுடர்னு ஆன்டிபயாடிக் வாங்கி எல்லா ஆட்டுக்கும் குடுத்துட்டேன், சரியா?
*கே.வி.குப்பம் வாசகர்*

சரியில்லைங்க. இது துள்ளுமாரி. இந்தக் கிருமி ஆட்டுக் குடல்லயே எப்பவும் கொஞ்சம் இருக்கும், இளம்புல்லையோ தானியத்தையோ திடீர்னு வயிறு முட்டத் தின்னா அது மளமளன்னு பெருகி விஷத்தைக் கக்கும். நீங்க பவுடரைக் கரைக்கறதுக்குள்ள ஆடு போயிடும். இதுக்கு வழி மழைக்கு முன்னாடி தடுப்பூசி, அப்புறம் மேய்ச்சலுக்கு விடறதுக்கு முன்னாடி கொஞ்சம் காஞ்ச தீனி. தடுப்பூசி எங்கேர்ந்து வருது தெரியுமா, நம்ம ராணிப்பேட்டைலேர்ந்து. 1932லேர்ந்து அங்க கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கு. நம்ம பழைய வடாற்காட்டுக்காரங்க வாசல்லயே மருந்து செய்யறாங்க, நாம பவுடர் பொட்டலத்தைத் தேடிகினு போறோம், எனக்கு இது ரொம்ப வருத்தம். அடைப்பான், சப்பை நோய் தடுப்பூசியும் கால நேரத்துக்குப் போட்டுடுங்க. கோமாரி, ஆட்டுக்கொல்லி, கோழிக்கு வர வெள்ளைக்கழிச்சல் இதெல்லாம் வைரஸ், ஆன்டிபயாடிக் அதுங்களைத் தொடவே தொடாது, பின்னாடி பாக்டீரியா ஏறிகிச்சின்னு டாக்டர் பாத்து சொன்னாத்தான் ஊசி.

மண்டபத்துல மிஞ்சின சோறை மாட்டுக்குப் போட்டோம். ராத்திரிலேர்ந்து அசை போடலை, வயிறு உப்பி கீது. ஆன்டிபயாடிக் மாத்திரை குடுக்கலாமா?
*ஆம்பூர் வாசகர்*

குடுக்கவே குடுக்காதீங்க! பெரிய மாட்டோட முதல் வயிறு 100 லிட்டர் வரைக்கும் பிடிக்கும், அதுல ஒரு மில்லிக்குள்ள 1,000 கோடி பாக்டீரியா. வைக்கோலை மாடு செரிக்கறதில்ல, அதுங்கதான் செரிச்சு மாட்டுக்கு சோறு போடுது. சோறு மொத்தமா உள்ள போனா அமிலம் சுரக்கற கிருமி மட்டும் பெருகி மத்தது எல்லாம் வெந்து போயிடுது. மிச்சம் உயிரோட இருக்கறதையும் மாத்திரை போட்டு கொன்னா யார் செரிக்கறது? லேசா இருந்தா சமையல் சோடா 100 கிராம் தண்ணில கரைச்சு, புரை ஏறாம மெதுவா ஊத்துங்க, காஞ்ச வைக்கோல் மட்டும் வைங்க. மாடு படுத்துட்டா 1962க்கு போன் போடுங்க, ஆம்புலன்ஸ் வரும். சில கேஸ்ல நாங்க என்ன பண்ணுவோம்னா, கறிக்கு வெட்டின நல்ல மாட்டோட வயித்துத் தண்ணிய வடிகட்டி, சூடு ஆறறதுக்குள்ள ட்யூப்ல நோயாளி மாட்டுக்கு ஏத்துவோம். எங்க பாட்டி அசை போடற மாட்டு வாயில கையை விட்டு ஒரு உருண்டை உருவி, தீனி எடுக்காத மாட்டுக்குத் திணிக்கும், மறுநாள் சாயந்திரம் அது அசை போட ஆரம்பிக்கும். காலேஜ்ல அதையே பாடமா படிச்சப்பதான் அந்தக் கை எவ்ளோ பெரிய வேலை பண்ணிச்சின்னு புரிஞ்சிது.

எங்க அம்மாவுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன். கல்ச்சர் ரிப்போர்ட்ல பத்து மருந்துல எட்டு கேக்காதுன்னு வந்துச்சு. கோழிக்கறி சாப்பிட்டதாலயா? நிறுத்திடலாமா?
*காட்பாடி வாசகி*

அம்மா சீக்கிரம் குணமாகட்டும். அந்த ஒரு கிருமி எங்கேர்ந்து வந்திச்சின்னு யாராலயும் விரல் நீட்டி சொல்ல முடியாது தங்கச்சி. பெரிய பங்கு மனுஷங்க மருந்து சாப்பிடற விதம், சளிக்கெல்லாம் கடையில ரெண்டு மாத்திரை வாங்கி முழுங்கறது. பண்ணையும் ஒரு பங்கு. உலகத்துல 2019 ஒரே வருஷத்துல மருந்து கேக்காத கிருமியால நேரடியா செத்தவங்க 12 லட்சத்து 70 ஆயிரம் பேர்னு கணக்கு எடுத்திருக்காங்க, அதை நெனைச்சா எனக்கு தூக்கம் வராது. கறியை நிறுத்த வேணாம். நல்லா வேக வைங்க, பச்சைக்கறி தொட்ட கத்தி, பலகையில காய் நறுக்காதீங்க, பச்சைப்பால் வேணாம், கை கழுவுங்க.

ஊசி போட்ட மாட்டுப்பாலை 7 நாள் ஊத்தக்கூடாதுன்னா வயிறு எரியுது சார். கன்னுக்குட்டிக்காவது குடுக்கலாமா?
*பொய்கை வாசகர்*

செவ்வாக்கிழமை சந்தையில உங்க ஊர்ல பாத்தவங்க நாலு பேர் இதையேதான் கேட்டாங்க. குடுக்கக்கூடாதுங்க. கன்னுக்குட்டி குடல்ல இப்பதான் கிருமி குடியேறிகினு இருக்கு, அந்தப் பாலை ஊத்தினா மருந்தைத் தாங்கற கிருமி மட்டும் தேங்கும், அந்தக் கன்னு சாணி போடற இடமெல்லாம் அது பரவும். கன்னுக்கு வேற மாட்டுப்பால் குடுங்க. ஊசி போட்ட மாட்டைக் கடைசியா கறங்க, தனிப் பாத்திரம், கறந்துட்டு கையைக் கழுவிடுங்க. பாலை சாணிக்குப்பையிலயும் சாக்கடையிலயும் ஊத்தாம கிணத்துக்கு எட்ட ஒரு குழி தோண்டி ஊத்தி மண்ணைத் தள்ளிடுங்க. எட்டாம் நாள் ஒரு டம்ளர் பால் எடுத்து பொரை ஊத்திப் பாருங்க. அன்னைக்கும் தோயலைன்னா இன்னும் ரெண்டு நாள் சொசைட்டிக்கு ஊத்தாம டாக்டரைக் கேளுங்க.