மூக்கு ஒழுகட்டும், அந்த வாந்தியைக் கவனியுங்கள்

கேள்வி: வயது 41. நான்கு மாதங்களுக்கு முன் உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோ இருந்தவள் இப்போது 87 கிலோ. சாப்பிட உட்கார்ந்து ஐந்தாறு வாய் உள்ளே போனதும் மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகுகிறது. மூளை நீர் கசிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. உள்ளே போட்ட தையல் பிரிந்துவிட்டதா? மெடிக்கலில் கேட்டு தினமும் செட்ரிசின் போடுகிறேன், மூக்கில் ஸ்பிரேயும் அடிக்கிறேன். தட்டில் மிச்சம் வைத்தால் மாமியார் வருத்தப்படுகிறார் என்று மேலும் சாப்பிட்டால் வாந்தி வந்துவிடுகிறது. மூன்று வாரமாக அநேகமாக எல்லா நாளும் இப்படித்தான். சத்து மாத்திரைகள் குமட்டியதால் நிறுத்திவிட்டேன். முடி கொட்டுகிறது, பாதம் மரத்துப்போகிறது. அடுத்த வாரம் ஏற்காட்டில் உறவினர் வீட்டு விசேஷம். போகலாமா?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மூளை நீரும் இல்லை, தையலும் பிரியவில்லை. முதலில் அந்த யூடியூபை மூடுங்கள். மூளை நீர் கசிந்தால் பெரும்பாலும் ஒரு பக்க மூக்கில்தான் வரும், குனிந்தால் சொட்டும். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, சும்மா இருக்கிறீர்களா என்று அது பார்ப்பதில்லை. தையல் கசிவு பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களுக்குள் வருகிற ஆபத்து. காய்ச்சல், படபடப்பு, வயிற்றிலோ இடது தோளிலோ வலி என்று ஆளையே படுக்கவைத்துவிடும்.

உங்களுக்கு நடப்பது இதுதான். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாய், சுமார் 100 முதல் 150 மில்லிதான் பிடிக்கும். அது நிறைந்ததும் வேகஸ் என்கிற நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சேதி போகிறது. மூக்கின் சுரப்பிகளை இயக்கும் நரம்பும் அதே வட்டாரத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஒன்றைத் தட்டினால் இன்னொன்றும் விழித்துக்கொள்கிறது என்பதுதான் இதற்கு நாங்கள் சொல்லும் விளக்கம். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலருக்கு மூக்கு ஒழுகும், சிலருக்குத் தும்மல், சிலருக்கு விக்கல். எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: போதும், நிறுத்து. (தட்டுவடை செட்டின் காரச் சட்னிக்கு ஒழுகினால் அது வேறு கணக்கு. அதற்கு ஆபரேஷனே தேவையில்லை, சேலத்தில் பாதிப் பேருக்கு ஒழுகும்.)

ஆக செட்ரிசினுக்கு இங்கே வேலை இல்லை. இது அலர்ஜி அல்ல. தூக்கம்தான் வரும். ஸ்பிரே அதைவிட மோசம். மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்பிரேயை நான்கைந்து நாளுக்கு மேல் அடித்தால், அதை நிறுத்தும்போதெல்லாம் மூக்கு அடைத்துக்கொள்ளும். இல்லாத வியாதிக்கு மருந்து போட்டு ஒரு வியாதியை வாங்கிக்கொள்கிறீர்கள். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

சரி, மூக்கை விடுவோம். மூளை நீர் பற்றி இவ்வளவு பயந்த நீங்கள், மூன்று வாரமாக வாந்தி என்பதையும் பாதம் மரத்துப்போவதையும் மாத்திரையை நிறுத்தியதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

பி1 என்கிற தயாமின் சத்தை உடம்பு அதிகம் சேர்த்து வைப்பதில்லை. வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். உங்களுக்குச் சாப்பாடும் குறைவு, சாப்பிட்டதும் வெளியே வருகிறது, மாத்திரையும் இல்லை. முதலில் நரம்பு பாதிக்கும். பாதம் மரத்துப்போவது அதன் தொடக்கமாக இருக்கலாம். அடுத்து மூளை. ஒன்று இரண்டாகத் தெரியும், நடக்கும்போது தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். அந்தக் கட்டத்தில் தாமதித்தால் ஞாபகசக்தி நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். நேரத்தோடு ஊசி போட்டால் இவ்வளவு தூரம் போகவே போகாது. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

நாளை காலை உங்களுக்கு ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் போங்கள். அவரைப் பார்க்க முடியாவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மேலே சொன்ன பார்வைக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், இன்று இரவே போகவேண்டும். போனதும் வாயைத் திறந்து சொல்லவேண்டியது: “ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம், மூன்று வாரமாக வாந்தி, கால் மரக்கிறது, தயாமின் ஊசி வேண்டுமா பாருங்கள்.” மூக்கு ஒழுகுவதைப் பற்றிப் பேசி அவர்கள் நேரத்தைக் கெடுக்காதீர்கள்.

இன்னொன்று. வாந்தி என்றால் தெருமுனை கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டால் தெம்பு வரும் என்பது நம் ஊரில் மாறாத நம்பிக்கை. உங்களுக்கு அது ஆபத்து. குளுக்கோஸைச் செரிக்கத் தயாமின் வேண்டும். இருக்கிற கொஞ்சத்தையும் அது தின்றுவிடும். தயாமின் ஊசி போட்ட பிறகுதான் குளுக்கோஸ். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கி விழுங்கிச் சமாளிக்கலாம் என்றும் பார்க்காதீர்கள், வாந்தியில் அதுவும் போய்விடும்.

வாந்திக்குக் காரணம் நீங்கள் அளவை மீறிச் சாப்பிடுவது மட்டும்தானா என்பதையும் பார்த்தாகவேண்டும். சிலருக்கு அந்தக் குழாய் ஓரிடத்தில் சுருங்கிவிடும், எண்டோஸ்கோபியில் தெரியும். தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

முடி கொட்டுவது இந்த ஆபரேஷனுக்குப் பின் மூன்றாவது மாதத்திலிருந்து பலருக்கும் நடக்கிறது. எண்ணெயை மாற்றாதீர்கள். வாந்தி நின்றபின் முட்டை, பருப்பு, தயிர் என்று நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகட்டும், திரும்ப வளரும். மாத்திரை குமட்டினால் மென்று சாப்பிடும் வகை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். நிறுத்தும் உரிமை உங்களுக்கு இல்லை. வாழ்நாள் முழுக்கப் போடவேண்டியது அது.

சாப்பாட்டை 20, 30 நிமிடம் மென்று சாப்பிடுங்கள். நடுவில் தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மூக்கு ஒழுகியதும் கை கழுவிவிடுங்கள், பாதி இட்லி மிஞ்சியிருந்தாலும் சரி. அத்தைக்கு வருத்தமாக இருந்தால் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள், அல்லது முதலிலேயே சின்னத் தட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்காடு? வாந்தி நின்று ஒரு வாரம் ஆகாமல் போகவேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவில் வயிறு நன்றாக இருப்பவர்களே வாந்தி எடுக்கிறார்கள். உங்களுக்கு வந்தால் எது வளைவால், எது வயிற்றால் என்று யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது. மொய்ப்பணத்தை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.