சீரியல் டைரக்டர் ஆகணுமாம் என் பையன்!

சகோதரி, பிளஸ் டூ முடித்த மகன் சீரியல் டைரக்டர் ஆகியே தீருவேன் என்கிறான், வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது.

சன் டிவியில் 2002 முதல் 2005 வரை ஓடிய 'மெட்டி ஒலி'யை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இயக்கிய திருமுருகன்தான் அதில் கோபியாகவும் நடித்தார். 2006-ல் 'எம் மகன்' சினிமாவை இயக்கிவிட்டு, 'நாதஸ்வரம்' தொடரோடு மறுபடி சின்னத்திரைக்கு வந்தார். அதன் 1000-வது எபிசோடை 2014-ல் காரைக்குடியில் ஒரே ஷாட்டில், நேரலையாகக் கொடுத்தார். இருபது நிமிடத்துக்கு மேல்! ஒருவர் வசனத்தை மறந்தாலும் 'கட்' சொல்ல முடியாது. வருடக்கணக்கில் யூனிட்டோடு பழகிய கை அது.

உங்கள் மகன் உதவி இயக்குநராகச் சேர்ந்தால் அவன் கைக்கு வருவது பெரும்பாலும் கன்டினியூட்டி நோட்டுதான். மாமியார் காபி டம்ளரோடு வாசலில் நிற்பதை இன்று எடுப்பார்கள். உள்ளே நுழைவதை நான்கு நாள் கழித்து எடுப்பார்கள். டம்ளர் எந்தக் கையில் இருந்தது, தலையில் எவ்வளவு பூ, முந்தானை செருகியிருந்ததா? அத்தனையும் அவன் நோட்டில் இருக்க வேண்டும். விடிந்ததும் ஸ்பாட்டில் நிற்கணும். வசனப் பேப்பர் சில நாள் அங்கேதான் வரும். டிஆர்பி இறங்கினால் கதையே திசை மாறும். ஆரம்ப வருடங்களில் வருமானத்தை நம்பி வாடகை வீடு பிடிக்க முடியாது. இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

படிப்புக்கு வழி இருக்கிறது. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இயக்கம் பட்டப்படிப்பாகவே உண்டு. ஏதாவது ஒரு டிகிரி முடித்திருந்தால் புனே திரைப்படக் கல்லூரியின் டிவி பிரிவுக்கு முயலலாம். எந்த வழியானாலும் டிகிரியை விடவேண்டாம். கே.பாலசந்தரே ஏ.ஜி. ஆபீஸ் (அரசுக் கணக்கு அலுவலகம்) வேலையை வைத்துக்கொண்டுதான் நாடகம் போட்டார்.

இந்த லீவில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். வீட்டிலேயே, நீங்களும் அவன் அப்பாவும் நடிக்க, மூன்று நிமிடக் காட்சி ஒன்றைச் செல்போனில் எடுக்கட்டும். பாதி இன்று, மீதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஒட்டிப் பார்க்கும்போது டம்ளர் கை மாறியிருந்தால், திரும்ப எடுக்கலாம் என்று அவனே வந்து நிற்கிறானா பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.