பதில்: மாமாவின் காணியில் விடிய விடிய டிஜே

தம்பி, டிசம்பர் விடுமுறைக்கு வரும் லண்டன் நண்பர்களுக்காக முல்லைத்தீவு முள்ளியவளையில் மாமாவின் காணியில் இரவு முழுக்க டிஜே வைக்கலாமா, பொலிஸ் மறுத்தால் காட்டோரம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காட்டோரம் வேண்டவே வேண்டாம். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. நள்ளிரவில் ஒருவன் ஒதுங்குவதற்குப் பற்றைக்குள் நுழைவான்; அவனை யார் மறிப்பது? யானை வேறு இருக்கிறது.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007 இலேயே உத்தரவிட்டது. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1992 இல் காசில்மோர்டன் என்ற ஊரின் பொது நிலத்தில் பல்லாயிரம் பேர் நாள்கணக்கில் ஆடினார்கள். 1994 இல் ரேவ் எனப்படும் அந்த விடிய விடிய ஆட்டத்துக்கு எதிராகச் சட்டமே வந்துவிட்டது.

விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்த ஊர் உங்களுடையது. விழித்திருப்பதில் அவர்களுக்குச் சிரமமில்லை. வீட்டுச் சுவரைத் தாண்டி வந்து நெஞ்சை இடிக்கும் பேஸ் என்ற அடிநாதம்தான் பிரச்சினை.

எனவே பத்து மணிக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளை நிறுத்திவிட்டுக் கம்பியில்லா ஹெட்போனுக்கு மாறுங்கள். கொழும்பில் வாடகைக்கு விசாரியுங்கள். தொண்ணூறுகளில் கிழக்கு லண்டனின் கைவிடப்பட்ட களஞ்சியங்களில் ஆடியவன் நான். எங்கள் வியர்வையே கூரைத் தகரத்தில் படிந்து தலையில் சொட்டும். அந்தச் சுகம் ஹெட்போனில் கிடைக்காது. ஆனால் மாமா ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

டிசம்பரில் மழையும் சேறும். முடிந்தால் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடுங்கள். ஜெனரேட்டரை மாட்டுக்கொட்டிலுக்குத் தூரமாக வையுங்கள்.