ரத்த ஓட்டம்: கேள்வி பதில்

உடற்செயலியல் பாடம் எடுப்பவள் நான். இதயப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: படத்தில் உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பது இதயத்தின் வலப்பக்கம்.

கே: மேடம், இதயம் ஒரு பங்கு ரத்தத்தை நுரையீரலுக்கும் மீதியை உடலுக்கும் அனுப்புகிறது என்று படித்தேன். எந்தப் பங்கு அதிகம்?

ப: பங்கு பிரிப்பதே கிடையாது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். உடலெங்கும் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தம் பெருஞ்சிரைகள் வழியாக வலது ஆரிக்கிளில் (இதயத்தின் மேல் அறை) சேர்கிறது. மூவிதழ் வால்வைத் தாண்டி வலது வெண்ட்ரிக்கிளுக்குள் (கீழ் அறை) இறங்குகிறது. அது சுருங்க, ரத்தம் நுரையீரல் தமனியில் ஏறுகிறது. ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு நுரையீரல் சிரைகள் வழியாக இடது ஆரிக்கிளுக்கு வந்து, ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி என்று மறுபடி உடலுக்குப் போகிறது. சுற்று ஒன்றுதான், அதில் இரண்டு பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. வலது தள்ளியது அத்தனையும் இடதுக்கு வந்தாக வேண்டும். ஓய்வில் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5 லிட்டர். பெரியவர் ஒருவர் உடலில் உள்ள மொத்த ரத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

அளவு சமம், அழுத்தம் சமமில்லை. பெருந்தமனியில் 120/80 என்றால் நுரையீரல் தமனியில் 25/10 அளவில்தான் இருக்கும். அதனால்தான் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைப் போல மூன்று மடங்கு தடிமன். இடது தளர்ந்துவிட்டால் வலது அனுப்பும் ரத்தம் நுரையீரலில் தேங்கி நீர் கசியும், படுத்தால் மூச்சு முட்டும். வலது தளர்ந்தால் சிரைகளில் தேங்கிக் கால் வீங்கும்.

கே: அப்பாவுக்கு ஒரு வாரமாகக் காலில் வீக்கம். வலது பக்கம் பழுதாகிவிட்டதா?

ப: சிறுநீரகம், கல்லீரல், சிரையில் அடைப்பு, சில மாத்திரைகள் என்று வீக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. என் பதிலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ இன்றே கூட்டிப்போங்கள்.

கே: ஆக்சிஜன் இல்லாத ரத்தம் நீல நிறமா?

ப: இல்லை, அடர்சிவப்பு. ஓய்வாக இருப்பவரின் சிரை ரத்தத்திலும் ஹீமோகுளோபினில் முக்கால் பங்கு அளவுக்கு ஆக்சிஜன் மிச்சமிருக்கும். சிரை நீலமாகத் தெரிவது, ஒளி தோலுக்குள் போய்ச் சிதறித் திரும்பும் விதத்தால். படத்தில் உள்ள நீலம் அடையாளத்துக்குப் பூசியது.

கே: நான் அனுப்பியிருக்கும் படத்தில் நுரையீரல் தமனியை மட்டும் ஏன் நீலமாகப் போட்டிருக்கிறார்கள்? தமனி என்றால் சிவப்புதானே?

ப: இதயத்தை விட்டு வெளியே போவது தமனி, இதயத்துக்கு வருவது சிரை. நிறத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் வலமும் இடமும் மாறியிருக்கிறது. நான் முதலில் சொன்னதைப் பாருங்கள்.

கே: மணிக்கட்டில் நாடி பார்க்கும்போது, இதயம் அப்போது தள்ளிய ரத்தமா வந்து இடிக்கிறது?

ப: நல்ல கேள்வி. வந்து இடிப்பது அழுத்த அலை. அது தமனிச் சுவர் வழியாக வினாடிக்குப் பல மீட்டர் ஓடுகிறது. ரத்தம் அவ்வளவு வேகமாகப் போவதில்லை. தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்ணிய குழாயான தந்துகியில் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. அந்த நிதானம் தேவை. ஆக்சிஜன் கைமாறுவது அங்கேதான்.

கே: ரத்தச் சுற்றோட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி என்று இன்னுமா சொல்லிக்கொடுக்கிறீர்கள்? 13ஆம் நூற்றாண்டிலேயே அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ் எழுதிவிட்டாரே!

ப: அவர் எழுதியது பெரிய விஷயம்தான். வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நடுச்சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ரத்தம் இடதுக்குக் கசிகிறது என்பது பண்டைய கிரேக்க மருத்துவர் காலனின் (Galen) கருத்து. அப்படித் துளையே இல்லை, நுரையீரல் வழியாகத்தான் போகிறது என்று துணிந்து சொன்னவர் இப்னு அல் நஃபீஸ். ஆனால் அது சுற்றில் ஒரு பாதி. உடலுக்குப் போன ரத்தம் அங்கேயே தீர்ந்துவிடாமல் திரும்பி வருகிறது என்பதை 1628இல் காட்டியவர் ஹார்வி.

கே: தந்துகியைப் பார்க்காமலே சொன்னதை எப்படிக் கண்டுபிடிப்பு என்கிறீர்கள்? வெறும் ஊகம்.

ப: ஊகம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தவளையின் நுரையீரலில் இத்தாலிய மருத்துவர் மல்பீகி தந்துகிகளைப் பார்த்தது 1661இல், ஹார்வி இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து. அது சரி. ஆனால் ஹார்வியின் கையில் கணக்கு இருந்தது. துடிப்புக்கு அரை அவுன்ஸ் என்று குறைத்தே வைத்து, அரைமணி நேரத்துக்கு ஆயிரம் துடிப்பு என்றார். அதுவே 500 அவுன்ஸ், ஏறக்குறைய 14 லிட்டர். இவ்வளவு ரத்தத்தை அரைமணிக்கொரு தரம், அன்று நம்பியதுபோல், கல்லீரல் புதிதாக உண்டாக்க முடியுமா? திரும்பி வந்தால் ஒழிய வழியில்லை.

சோதனையும் செய்தார். மேற்கையில் கட்டுப் போட்டால் முன்கைச் சிரைகள் புடைக்கும், வால்வு இருக்குமிடம் முடிச்சாகத் தெரியும். ஒரு விரலால் சிரையை அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் ரத்தத்தை மேல்நோக்கி அடுத்த வால்வைத் தாண்டித் தள்ளிவிட்டால், இடைப்பட்ட துண்டு காலியாகவே நிற்கும். மேலிருந்து ரத்தம் இறங்காது. கீழ்விரலை எடுத்ததும் உள்ளங்கைப் பக்கமிருந்து சட்டென்று நிரம்பும். சிரையில் ஓட்டம் இதயத்தை நோக்கி மட்டுமே என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இருவரில் ஒருவரைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவரை இறக்க வேண்டியதில்லை.

கே: சிரை ரத்தம் நீலம்தானே?

ப: மேலே பதில் இருக்கிறது.

கே: மாரடைப்பு வந்தால் தொடர்ந்து இருமினால் பிழைக்கலாமாமே?

ப: நம்பாதீர்கள். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். இருமிக்கொண்டிருக்கும் நேரம் வீண்.

கே: இதயத்துக்குள்ளேயே இவ்வளவு ரத்தம் இருக்க, அதற்குத் தனியாக எதற்கு ரத்தக் குழாய்கள்?

ப: சுவர் தடிமனானது, உள்ளே நிற்கும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் அவ்வளவு ஆழத்துக்கு ஊறிப் போகாது. பெருந்தமனி புறப்படும் இடத்திலேயே இரண்டு கரோனரி தமனிகள் கிளைக்கின்றன. இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துவிடுவதால், அதன் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது. துடிப்பு மிகவும் கூடும்போது அதிகமாகக் குறைவதும் அந்தத் தளரும் நேரமே.