நாவல்ல பாதி ஹீரோ மண்டைக்குள்ளயே நடக்குது, இதை எப்படி ஸ்கிரிப்ட் ஆக்குறது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "400 பக்க சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல் ஒண்ணுக்கு உரிமை வாங்கிட்டேன். பாதி ஹீரோ யோசிக்கிறது, மீதி அந்த கிரகம் எப்படி இயங்குதுங்கற விளக்கம். வாய்ஸ் ஓவர் போட்டு சமாளிச்சிடலாமா?"

அவசரப்பட்டு போட்றாதீங்க. 'டியூன்'ங்கற சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவலை வச்சு 1984ல வந்த படத்துல கேரக்டருங்க மனசுல நினைக்கிறதெல்லாம் குசுகுசுன்னு வாய்ஸ் ஓவராவே வரும், அவ்ளோ பெரிய நாவலை ரெண்டேகால் மணி நேரத்துல வேற அடைச்சிருப்பாங்களா, புக் படிக்காதவனுக்கு தலையும் புரியாது வாலும் புரியாது. அதே நாவலை டைரக்டர் வில்னூவ் 2021, 2024ன்னு ரெண்டு படமா பிரிச்சார், அம்மாவும் மகனும் அடுத்தவங்க முன்னாடி கைஜாடைலயே பேசிக்கிற மாதிரி வச்சார், பாதி வேலை அதுலயே முடிஞ்சிருச்சு.

அந்த 2021 படத்துல எனக்கு ரொம்ப புடிச்சது எச்சில் சீன். தண்ணி அரிதான கிரகம்னு அங்க யாரும் கிளாஸ் எடுக்கல. அந்த ஊர்த் தலைவர் ஒருத்தர், கிரகத்தை ஆள புதுசா வந்திருக்கற பிரபுவைப் பார்க்க வந்து, அவர் முன்னாடி மேஜைல துப்புறார், எல்லாரும் டென்ஷன் ஆகுறாங்க, அந்த ஊர்ப் பழக்கம் தெரிஞ்ச ஒருத்தர் மட்டும் உடம்போட ஈரத்தை குடுத்ததுக்கு நன்றி சொல்லிட்டு தானும் துப்புறார். அவ்ளோதான், தண்ணி அங்க என்ன மதிப்புன்னு நமக்கே தெரிஞ்சிடுது. இது 1965 நாவல்லயே இருக்கற சீன்தான், டைரக்டர் புதுசா யோசிக்கல. உங்க நாவல்லயும் இப்படி நாலு இடம் ஒளிஞ்சிருக்கும், விளக்கப் பக்கங்களை மூடி வச்சிட்டு முதல்ல அதைத் தேடுங்க. கிடைக்கலன்னா அந்த கிரகத்தோட விதியை ஒருத்தன் தெரியாம மீறி மாட்டிக்கிற மாதிரி நீங்களே ஒண்ணு எழுதுங்க.

வாய்ஸ் ஓவரே கூடாதுன்னும் இல்ல. 'தி மார்ஷியன்' நாவல்ல பெரும்பகுதி ஹீரோ எழுதுற லாக்தான், அதாவது டைரி மாதிரி பதிவு, 2015 படத்துல அவர் கேமராவைப் பார்த்து பேசி ரெக்கார்ட் பண்றார், செவ்வாய்ல தனியா மாட்டினவன் வேற யார்கிட்ட பேசுவான், அதனால உறுத்தல. உங்க ஹீரோ யார்கிட்ட, எதுக்கு பேசுறான்னு பதில் இருந்தா தாராளமா வைங்க.

ஸ்கிரிப்ட்ல ஒரு பக்கம் சுமாரா ஒரு நிமிஷம், அப்போ ரெண்டு மணி நேரப் படம்னா உங்க கைல இருக்கறது 120 பக்கம்தான். அடங்காதுன்னு தோணுச்சுன்னா சீரிஸா யோசிங்க, ஆனா வாங்கின உரிமைல சீரிஸும் சேர்ந்திருக்கான்னு இன்னிக்கே அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்க, பல பேர் படத்துக்கு மட்டும் கையெழுத்து போட்டுட்டு அப்புறம்தான் முழிப்பாங்க.